தினைப்புனத்தில் சில கடிதங்கள்

கொல்லிமலை. செம்மேடு. விடியவில்லை இன்னும். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் நிற்கிறது. நகரவில்லை.

மேசைமேல் சில தாள்கள். அச்சில் வந்த பழைய கடிதங்களின் நகல். நாடக நடிகை கொடுமுடி சுந்தராம்பாள் உடன் நடித்த செங்கோட்டை கிட்டப்பாவுக்கு எழுதியவை.

படிக்கத் தொடங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

*

காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி வந்த பேருந்தின் ஆட்டம் உடம்பில் தங்கியிருக்கிறது. கண்ணை மூடினால் அறை ஒருபக்கம் சாய்கிறது. நிமிர்கிறது.

மூச்சைக் கவனிக்கிறேன். அது தன் வழியில் வந்து போகிறது.

*

குளிர் முதலில் விரல் நுனிக்கு வருகிறது. பிறகு காது மடலுக்கு.

எங்கோ ஒரு சேவல். இன்னொன்று பதில் கொடுக்கிறது. நடுவில் உள்ள தூரம் காதுக்குத் தெரிகிறது.

*

முதல் தாள்.

மேலே மரியாதை. அக்காலத்து வழக்கப்படி அவரை உயரே வைத்து, தன்னைக் கீழே வைத்து எழுதுகிற தொடக்கம். வணக்கம் முடிய இரண்டு மூன்று வரி ஆகிறது.

அதற்குக் கீழே வேறொரு குரல்.

ஊடல். மன்றாட்டு. நேருக்கு நேர் வைக்கிற கேள்வி. மரியாதைச் சொற்கள் அங்கும் இருக்கின்றன, ஆனால் கோபம் அவற்றுக்கு அடங்கி நிற்கவில்லை.

தாளைக் கவிழ்த்து வைக்கிறேன். கொஞ்சம் நேரம் போகட்டும்.

*

இவை எனக்கு எழுதியவை அல்ல.

இந்த நினைப்பு வருகிறது. தங்குகிறது. போகவில்லை. இருக்கட்டும்.

*

ஜன்னலுக்குக் கீழே சில்வர் ஓக் மரங்கள். ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி. பனி விலக விலக மரம் தெரிகிறது, பிறகு கொடி, பிறகு இலை. இலை நுனியில் நீர் சேர்கிறது. விழ இன்னும் நேரம் இருக்கிறது.

*

1926. கொழும்பு. சுந்தராம்பாளுக்கு 18 வயது நெருங்குகிறது. கிட்டப்பாவுக்கு 20.

அவள் அங்கே முன்பே பெயர் வாங்கியிருக்கிறாள். அவர் வருகிறார். இருவரும் ஒரே மேடையில். நாடகம் வள்ளி திருமணம்.

ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தொண்டைதான் போய்ச் சேர வேண்டும். இருவருக்கும் அந்தத் தொண்டை இருக்கிறது. அவர் குரலுக்கு முன்னால் இந்தப் பெண் நிற்க முடியாது என்று எச்சரித்தவர்கள் உண்டு.

நின்றாள்.

*

ஸ்பெஷல் நாடகம். ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறோர் ஊரிலிருந்து ஆர்மோனியம். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டும் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மறைந்தது 1922-ல். அவருடைய வரிகளைத் தமிழ்நாடு முழுக்க நடிகர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை.

நடு இரவு தாண்டி ஒரு கட்டம் வருகிறது. தர்க்கம். வள்ளி தினைப்புனத்துப் பரண்மேல். வேடனாக வந்த வேலன் கீழே. அவன் கேட்கிறான். அவள் மடக்குகிறாள். அவன் வேறு வழியில் வருகிறான். அவள் அங்கேயும் நிற்கிறாள். இது எழுதி வைத்ததில் அடங்குவதில்லை. அந்த இரவில், அந்த மேடையில், அந்த எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பிறக்கிறது. எதிராளி வலுத்தவராக இருந்தால் தர்க்கம் நீள்கிறது. கூட்டம் தூக்கத்தை மறக்கிறது.

கடிதங்களைப் படிக்கையில் அந்தத் தர்க்கம் காதில் விழுகிறது. அதே சுருக், அதே விடாப்பிடி. ஆர்மோனியம் இல்லை. கூட்டம் இல்லை. கீழே நிற்க வேண்டியவர் செங்கோட்டையில் இருக்கிறார்.

*

பனி கலைந்துவிட்டது. எப்போது என்று தெரியவில்லை.

*

தினைப்புனம் தேடி நடக்கிறேன்.

வழி முழுக்க மரவள்ளி. சரிவுகளில், மேட்டில், வீட்டுக் கொல்லையில். கிழங்கு கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. கையில் காசு வருகிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த நிலத்தில் பல இடங்களில் இப்போது மரவள்ளிதான்.

வாழை. பலா. காப்பிச் செடி. நிழலில் நடக்கும்போது மண்ணின் ஈரம் செருப்பைத் தாண்டி ஏறுகிறது.

ஒரு திருப்பத்தில் சின்னதாக ஒரு தினைக் காடு. கதிர் வளைந்து நிற்கிறது. கம்பில் கட்டிய துணி. கயிற்றில் தகரம். காற்று வந்தால் தகரம் பேசும். காற்று இல்லை.

பரண் இல்லை.

*

கிளிகள் வருகின்றன. பச்சைக் கூட்டமாக, கூச்சலோடு. உட்கார்கின்றன. கதிர் இன்னும் வளைகிறது.

ஒரு கிழவி வீட்டு வாசலில் நின்றபடி குரல் கொடுக்கிறாள். சொல் ஒன்றும் இல்லை, வெறும் ஓசை. நீளமாகப் போய் எதிர் மேட்டில் பட்டுத் திரும்புகிறது.

கிளிகள் எழுகின்றன. வட்டமடித்துத் திரும்ப உட்கார்கின்றன.

அவள் மறுபடி குரல் கொடுக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

*

நாடகத்தில் வேலன் வந்தே தீர வேண்டும். வேடனாக வருகிறான். வேங்கை மரமாக நிற்கிறான். கிழவனாகத் தள்ளாடி வருகிறான். அவள் எத்தனை முறை விரட்டினாலும் இன்னொரு வேடத்தில் வருகிறான். அண்ணன் யானையாக வந்து காரியத்தை முடித்துக் கொடுக்கிறான். விடிவதற்குள் கல்யாணம்.

கடிதம் எழுதுகிறவளுக்கு அந்த உறுதி கிடையாது. எழுதுகிறாள். மடிக்கிறாள். ஒட்டுகிறாள். பெட்டியில் போடுகிறாள். பிறகு நாள்கள்.

*

தபால்பெட்டியின் வாய்க்குள் கை உறையை விடும் கணம். விரல் இன்னும் பிடித்திருக்கிறது.

விட்டுவிட்டது.

*

அந்த ஆண்டுகளில் கார்டு அரை அணா. உறை போட்ட கடிதம் ஒரு அணா. கார்டை வழியில் யாரும் படிக்கலாம். மனத்தில் இருப்பதைச் சொல்ல ஒரு அணா வேண்டும்.

கொழும்பிலிருந்து வரும் தபால் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயிலேறி, பாம்பன் பாலம் கடந்து வரும். நாடகக்காரர்களும் அதே வழியில்தான் போனார்கள், வந்தார்கள். திரைச்சீலை, பெட்டி, ஆர்மோனியம் எல்லாம் சேர்த்து.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். கொடுமுடி சென்னை மாகாணத்தில். இங்கே வெள்ளைக்காரன் ஆட்சி, அங்கே சமஸ்தான ஆட்சி. கடிதம் அந்த எல்லையைத் தாண்டிப் போக வேண்டும்.

1956 நவம்பரில் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. கடிதம் கடந்த எல்லை இப்போது அங்கே இல்லை.

*

அறைக்குத் திரும்புகிறேன். தேநீர் வந்திருக்கிறது. ஆவி எழுகிறது. அதை ஆறவிடுகிறேன்.

*

அவர் ஏற்கெனவே மணமானவர். இது அவளுக்குத் தெரியும். இவர்கள் கல்யாணம் 1927-ல். சேர்ந்து வாழ்ந்த நாள் கொஞ்சம். பிரிந்திருந்த நாள் அதிகம். பிறந்த குழந்தை தங்கவில்லை.

இதற்கு மேல் அந்த வீட்டுக்குள் போக எனக்கு விருப்பமில்லை. கடிதம் எதைக் காட்டுகிறதோ அதுமட்டும் போதும். அதுவே அதிகம்.

*

குழந்தையைப் பற்றி எழுதிய வரியைத் திரும்பப் படிக்கவில்லை.

*

தாளில் பெரிய குரல் ஒன்று சின்னதாகிறது.

இல்லை. சின்னதாகவில்லை. ஒரே ஒரு காதுக்கு ஏற்ற அளவுக்கு வந்து நிற்கிறது. ஆயிரம் பேர் கேட்க எழுப்பிய குரலை எப்படி இறக்குவது என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சில வரிகளில் மேடை இன்னும் இருக்கிறது. வாக்கியம் எடுப்பாக எழுகிறது, வீச்சாக முடிகிறது. அடுத்த வரியில் அது இல்லை. உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதுபோன்ற சாதாரணச் சொற்கள். அந்த இறக்கத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

அங்கே நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

மதியம். ஒரு ஈ தாளின் ஓரத்தில் நடக்கிறது. தேதி இருக்கும் இடத்தில் நிற்கிறது. கையைக் கையோடு தேய்க்கிறது.

*

மேடையும் கடிதமும் சேர, லண்டன் நினைவுக்கு வருகிறது. விக்டோரியா ராணியின் காலம். லைசியம் தியேட்டர். ஹென்றி இர்விங் அதன் அரசர். நடிகர்களில் முதன்முதலாக சர் பட்டம் பெற்றவர், 1895-ல். அவர் பெயரில் வெளியே போன கடிதங்களில் ஏராளமானவற்றை எழுதியவர் அவருடைய மேலாளர். பெயர் பிராம் ஸ்டோக்கர். பகலில் இன்னொருவருக்காகக் கடிதம் எழுதிய அந்தக் கை டிராகுலாவையும் எழுதியது. 1897-ல் வந்த அந்த நாவல் பெரும்பாலும் கடிதங்களும் நாட்குறிப்புகளும்தான்.

அதே மேடையில் எலன் டெரி. அவருக்கும் பெர்னார்ட் ஷாவுக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது 1892-ல். ஒரே நகரத்தில் இருக்கிறார்கள். எழுதிக்கொள்கிறார்கள். நேரில் சந்திப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். அவர் மேடையில் நிற்க, இவர் கீழே இருட்டில் உட்கார்ந்து பார்க்கிறார். பிறகு வீட்டுக்குப் போய் எழுதுகிறார். காகிதத்தில் இருக்கும் அன்பு காகிதத்திலேயே இருக்கட்டும் என்று இருவருமே நினைத்திருக்கலாம்.

டெரி 1928-ல் மறைந்தார். கடிதங்கள் 1931-ல் புத்தகமாயின. மகள் முன்னின்று வெளியிட்டார். மகன் எதிர்த்தார். தாயின் அந்தரங்கம் அது என்பது மகனின் எண்ணம். தாயின் எழுத்து அது என்பது மகளின் எண்ணம்.

இரண்டும் எனக்குப் புரிகின்றன. ஒன்றை எடுத்து மற்றதை விட முடியவில்லை.

*

அங்கே சந்திக்காமல் இருப்பதற்காகக் கடிதம்.

இங்கே சந்திக்க முடியாததால்.

*

மழை. முன்னறிவிப்பு இல்லாமல். தகரக் கூரைமேல் முதல் துளிகளைத் தனித்தனியாகக் கேட்க முடிகிறது. பிறகு முடியவில்லை.

*

வீதியில் ஆட்கள் கடை ஓரம் ஒதுங்குகிறார்கள். அன்னாசிப் பழக் குவியல்மேல் பாலித்தீன் விரிகிறது. நாமக்கல் பேருந்து முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் சிலை நனைகிறது. வில் பிடித்த கையிலிருந்து நீர் சொட்டுகிறது.

ஆடி மாதத்தில் இங்கே அவனுக்கு விழா. இப்போது ஆரவாரம் ஒன்றுமில்லை. மழையில் அவன் தனியாக.

*

ஓரியை வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பாணரும் விறலியரும் கூத்தரும் இந்த மலைக்கு ஏறி வந்தவர்கள். சாலை இல்லை. யாழும் முழவும் முதுகில். கூடவே பசி.

அவன் கொடுத்தான். பொன்னும் யானையும் கொடுத்தான். பெற்றுக்கொண்ட கூத்தர்களைப் பற்றிப் புலவர் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பசி தீர்ந்ததாலோ என்னவோ, அவர்கள் ஆடவும் இல்லை, பாட்டையும் மறந்துவிட்டார்கள்.

இதை எப்போது நினைத்தாலும் உள்ளே எதுவோ அசைகிறது. பாட்டு எங்கிருந்து வந்தது என்று அந்தப் புலவர் சொல்லிவிடவில்லை. எங்கே நின்றது என்று காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

*

1933 டிசம்பர் 2. கிட்டப்பா மறைந்தார். 27 வயது.

*

அவளுக்கு 25.

வெள்ளைப் புடவை. எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு. மேடையிலிருந்து விலகி கொடுமுடியில் இருக்கிறாள். வாசலுக்குப் பக்கத்தில் காவிரி. தெற்கே ஓடி வந்த ஆறு அங்கேதான் கிழக்கே திரும்புகிறது.

ஓரியின் கூத்தர்கள் மறந்த பாட்டு ஒருவகை. இவள் நிறுத்திய பாட்டு வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒட்டவில்லை. பிரித்தும் வைக்க முடியவில்லை.

*

கடிதங்களும் நின்றுவிட்டன. முகவரி இல்லை.

*

மழை விட்டுவிட்டது. கூரை ஓரத்திலிருந்து சொட்டும் நீரின் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. ஒரு சொட்டு. அடுத்ததற்காகக் காது காத்திருக்கிறது. காத்திருப்பது தெரிந்தவுடன் அது விழுகிறது.

*

ஃபோனில் கிட்டப்பாவைப் போடுகிறேன். செம்மேட்டில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. பாட்டு தொடங்குகிறது, நிற்கிறது, தொடங்குகிறது.

முள் உரசும் சத்தம் முதலில். பிறகு குரல்.

நிமிடத்துக்கு 78 சுற்று இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடலாம். மேடையில் அரை மணி நேரம் வளர்ந்த பாட்டை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைத்தார்கள். குரல் அவசரமாக ஏறுகிறது. ஏறிய இடத்தில் அவசரம் இல்லை. அங்கே நிற்கிறது. மூச்சு எடுப்பது கேட்கிறது.

90 ஆண்டுகளுக்கு முந்தைய மூச்சு. உள்ளே போகிறது. வெளியே வருவது பாட்டு.

என் மூச்சு அதோடு சேர்ந்துகொள்வதைக் கவனிக்கிறேன். சேர்க்கவில்லை. தானாகச் சேர்கிறது.

*

அவர் திரைப்படத்தில் நடிக்கவில்லை. தமிழில் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931-ல் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு இருந்தார். குரல் இருக்கிறது. சில புகைப்படங்கள் இருக்கின்றன. அவர் நடந்த விதம், கை தூக்கிய விதம், வள்ளியைப் பார்த்த விதம் ஆகியவை பார்த்தவர்களோடு போய்விட்டன.

அவளுடைய கடிதத்தில் அந்த மனிதர் வேறு வகையில் இருக்கிறார். அவர் சொன்னது இல்லை. அவர் சொன்னதற்கு இவள் கொடுக்கும் பதில் இருக்கிறது. பதிலின் சூட்டிலிருந்து கேள்வியின் சூட்டை ஊகிக்கலாம். ஊகிக்காமலும் விடலாம்.

விடுகிறேன்.

*

கொல்லி என்று ஒரு பண் இருக்கிறது. அப்பர் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணில். இன்று நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். அது கீழ் ஸ்தாயியில் தங்கும் ராகம். மேலே அதிகம் ஏறாது.

சன்னமாக முனகிப் பார்க்கிறேன். நெஞ்சுக்கூட்டில் அதிர்வு. நிறுத்திய பிறகும் சில கணம் இருக்கிறது.

*

1935. நந்தனார் படம். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் வற்புறுத்த, அவள் திரும்பினாள். பேசிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். தென்னாட்டில் அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. பேச்சு முழுக்க அந்தத் தொகையைப் பற்றியே இருந்திருக்கும்.

எனக்கு அந்தத் தொகையைவிட வேடம்தான் பெரிதாகப் படுகிறது. நந்தன். ஆண் வேடம். ஜோடியாக யாரும் நிற்கத் தேவையில்லாத வேடம்.

1953-ல் ஔவையார். முதுமையைக் கேட்டு வாங்கியவள்.

1964-ல் பூம்புகார். கவுந்தி அடிகள். துறவி. கோவலனும் கண்ணகியும் நடக்கும் வழியில் கூட நடப்பவள்.

எல்லாம் தனி வேடங்கள். ஒவ்வொன்றிலும் அந்த 25 வயதுப் பெண்ணின் முடிவு இருக்கிறது. யாரும் அதைப் படத்தில் சொல்வதில்லை. வெள்ளைப் புடவை சொல்கிறது. நெற்றித் திருநீறு சொல்கிறது.

1951-ல் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினர். அங்கும் அந்த உடையில்தான்.

1980 வரை இருந்தாள். 47 ஆண்டு.

*

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணாகவே இருக்கிறது. உள்ளே இறங்க மறுக்கிறது.

*

இவளைப் பற்றி எழுதும்போது இவள் என்று எழுதுகிறது கை. மேடையில், சபையில் பார்த்திருந்தால் அம்மா என்று அழைத்திருப்பேன். கடிதத்தில் இருப்பவளுக்கு இருபது வயது. என்னைவிடச் சின்னவள். தூக்கம் இல்லாதவள்.

*

சாயங்காலம். வெளிச்சம் சாய்வாக அறைக்குள் வருகிறது. தாளின் பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் மங்கலாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று. ஒரு வணக்கத்தின் மேல் ஒரு வசை.

தாளைத் தூக்கிப் பிடிக்கவில்லை. கீழே வைக்கவும் இல்லை.

*

பக்கத்து அறையில் குழந்தை இருமுகிறது. தாய் தட்டிக்கொடுக்கும் சத்தம். சீராக.

*

ரசிகர்கள் எழுதிய கடிதங்களும் அவளுக்கு வந்திருக்கும். கட்டுக் கட்டாக. எல்லா நடிகருக்கும் வந்ததுதான். அவற்றில் எழுதியவர் நடிகையைப் பார்க்கிறார். வள்ளியைப் பார்க்கிறார், பவளக்கொடியைப் பார்க்கிறார்.

இந்தத் தாள்களில் வள்ளி இல்லை. வேடம் களைந்த பிறகு, அரிதாரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்த பிறகு, விளக்கை இழுத்து வைத்து எழுத உட்கார்ந்த ஒருத்தி. நாடகம் விடிய முடிந்திருக்கும். ஊர் தூங்கப் போயிருக்கும். அவள் தூங்காமல் எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன். அப்படித்தான் தோன்றுகிறது. தொண்டை ஓய்ந்திருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

*

இரவு பாடிய தொண்டை.

காலையில் எழுதும் கை.

இரண்டுக்கும் நடுவே ஒரு சொம்பு வெந்நீர்.

*

மறுநாள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம். ஆகாய கங்கைக்கு இறங்கும் படிக்கட்டில் பாதி வழி. மேலே உட்காராமல், கீழே போகாமல், ஒரு படியில் இருக்கிறேன். அருவி தெரியவில்லை. சத்தம் மட்டும் வருகிறது. விழுகிற சத்தம் ஒன்றுதான், ஆனால் கேட்கக் கேட்கப் பலவாகப் பிரிகிறது.

பாசி. ஈரக் கல். முழங்காலில் சின்ன நடுக்கம்.

இளம் ஜோடி ஒன்று ஏறி வருகிறது. மூச்சு வாங்குகிறது. பெண் நிற்கிறாள். அவன் இரண்டு படி மேலே போய்த் திரும்பிப் பார்க்கிறான். அவள் வரட்டும் என்று நிற்கிறான்.

அவள் வருகிறாள்.

*

கிட்டப்பா இந்த மலைக்கு வந்தாரா, சுந்தராம்பாள் வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அந்தக் கேள்வி வேண்டாம். தினை இங்கே விளைகிறது. கிளி இங்கே வருகிறது. நாடகத்துக்கு வேண்டியது இங்கே வேடமில்லாமல் கிடக்கிறது.

*

திரும்பி வரும் வழியில் அதே தினைக் காடு. இப்போது ஒரு சிறுமி காவல். பள்ளிக்கூடச் சீருடையில். மடியில் நோட்டு. எழுதுகிறாள். கிளி வரும்போது எழுதுவதை நிறுத்தாமல் இடது கையால் கயிற்றை இழுக்கிறாள். தகரம் அதிர்கிறது. கிளி எழுகிறது.

என்ன எழுதுகிறாள் என்று பார்க்கவில்லை.

*

செம்மேட்டுத் தபால் ஆபீஸ். பணவிடை, சேமிப்புப் புத்தகம், பென்ஷன். வரிசையில் முதியவர்கள். கைநாட்டுக்கு மை டப்பா. யாரும் உறையை ஒட்டவில்லை. எச்சில் தொட்டு மூடும் உறை எதுவும் கண்ணில் படவில்லை.

கார்டு ஒன்று வாங்குகிறேன். எழுத எதுவும் இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். நடக்கும்போது அதன் விளிம்பு நெஞ்சில் படுகிறது.

*

அன்பு என்று எழுதி அடித்தேன். அந்த இடத்தில் வேறு சொல் வைக்கவில்லை.

*

கடைசித் தாள்கள். இங்கே குரல் தணிந்திருக்கிறதா, களைத்திருக்கிறதா, பிரித்தறிய முடியவில்லை. மரியாதைச் சொற்கள் முதல் கடிதத்தில் இருந்த அதே வரிசையில். கையெழுத்து எப்படி இருந்திருக்கும் என்று அச்சு காட்டாது. அழுத்திய இடம், மை பரவிய இடம், எழுதாமல் விட்ட இடம் எதுவும் அச்சில் ஏறவில்லை. எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு.

அந்த அச்சுக்கும் நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

*

காற்று வருகிறது. தாள்கள் எழுகின்றன. மேலே கை வைக்கிறேன். கைக்குக் கீழே படபடப்பு.

*

ஒரு விஷயம் இப்போதுதான் மனத்தில் நிற்கிறது. இவை அவருக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்கள். அனுப்பியவளிடம் இருக்க வேண்டியவை அல்ல. பெற்றுக்கொண்டவர் வைத்திருந்தால்தான் இருக்கும். கொட்டகை கொட்டகையாக, ஊர் ஊராகப் போகிற வாழ்க்கை. பெட்டியில் வேடத்துணி, நகை, கிரீடம். அதற்குள் காகிதத்துக்கும் இடம் இருந்திருக்கிறது. உருகி எழுதியது இருக்கிறது. சண்டை போட்டு எழுதியதும் இருக்கிறது, அவரைக் குற்றக் கூண்டில் நிறுத்தும் வரிகளோடு. அதையும் அவர் கிழித்துப்போடவில்லை.